சொல்லாலோ செயலாலோ

‘தப்பு பண்ணாதவன் எதுக்குப் பயப்படணும்?’ டிஜிட்டல் அரெஸ்ட் மோசடியில் யாராவது பணத்தை இழந்த செய்தி வரும்போதெல்லாம் கூடவே இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. கேட்பவருக்குப் பதில் தேவையில்லை, தீர்ப்பை ஏற்கெனவே எழுதிவிட்டார். பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொன்னவனிடம் ஏமாந்தவரைப் பற்றி ‘பேராசை பெருநஷ்டம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். இங்கே அந்தப் பழமொழி உதவாது. ஏமாந்தவர் எதற்கும் ஆசைப்படவில்லை, போலீஸ் சொன்னதைக் கேட்டார். ஆகவே அவர்மேல் வேறொரு குற்றத்தைத் தேடுகிறோம்: ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மறைக்க ஏதாவது இருந்திருக்க வேண்டும்.

மோசடி நடக்கும் விதம் பலருக்கும் தெரிந்ததுதான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, அல்லது உங்கள் ஆதாரில் வாங்கிய சிம் ஏதோ குற்றத்துக்குப் பயன்பட்டது என்று ஓர் அழைப்போ மெசேஜோ வரும். பிறகு ‘மும்பை போலீஸ்’ அல்லது ‘சிபிஐ’ லைனுக்கு வரும். வீடியோ காலில் காக்கிச்சட்டை, பின்னால் ஸ்டேஷன் மாதிரி ஓர் அறை. உங்கள் ஆதார் எண்ணை அவரே வாசித்துக் காட்டுவார். கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, ‘சரிபார்ப்புக்காக’ உங்கள் பணத்தை அவர்கள் சொல்லும் அக்கவுன்ட்டுக்கு மாற்ற வேண்டும். 2024 ஆகஸ்டில் வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம் இப்படி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அப்போதைய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பெயரில் ஆன்லைனில் ஒரு போலி விசாரணையே நடத்தினார்கள். சட்ட ஆலோசனைக்குப் பஞ்சமில்லாத மனிதர் அவர். முட்டாள்தனம் என்ற விளக்கம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். கைது எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு சொல்லியது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. கைது செய்பவர் அந்த ஆளின் உடலைத் தொட வேண்டும் அல்லது அடைத்து நிறுத்த வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு: அந்த ஆளே சொல்லாலோ செயலாலோ காவலுக்கு உட்பட்டுவிட்டால் தொடத் தேவையில்லை.

இந்த விலக்கைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அழைப்பவன் போலீஸ் இல்லை என்பதால் சட்டப்படி அங்கே கைதே நடக்கவில்லை. ஆனால் நடைமுறையில் அந்த வீட்டில் ஒருவர் நாள்கணக்கில் கைதியாக இருக்கிறார். யாரும் அவரைத் தொடவில்லை, கதவைப் பூட்டவில்லை. அந்தக் காவல் முழுக்க அவருடைய ‘சரிங்க சார்’ என்ற சொல்லால் ஆனது.

1960களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்கச் சொன்னபோது 40 பேரில் 26 பேர் கடைசி ஸ்விட்ச்வரை போனார்கள். (அதிர்ச்சி உண்மையில் யாருக்கும் போகவில்லை.) அதே சோதனையின் இன்னொரு வடிவம் அதிகம் பேசப்படுவதில்லை. கட்டளையிடுபவர் அறையை விட்டு வெளியேறி ஃபோனில் உத்தரவு கொடுத்தபோது, கடைசிவரை கீழ்ப்படிந்தவர்கள் ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள். சிலர் அதிர்ச்சியைக் கூட்டிவிட்டதாக ஃபோனில் பொய்கூடச் சொன்னார்கள். அதிகாரத்துக்கு ஒரு முகமும் பார்வையும் தேவைப்படுகிறது. ‘கேமராவை ஆஃப் பண்ணாதீங்க’ என்று மோசடிக்காரன் வற்புறுத்துவதும் இதற்காகத்தான் என்று தோன்றுகிறது.

சரி, ஒரு யூனிஃபார்மைப் பார்த்ததும் நாம் ஏன் இவ்வளவு சீக்கிரம் உட்பட்டுவிடுகிறோம்? என் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. நீங்கள் வங்கியின் இணையதளத்தில் பாஸ்வேர்டு கொடுப்பதற்கு முன்பே, தான் அந்த வங்கியின் தளம்தான் என்பதை அது உங்கள் பிரவுசரிடம் சான்றிதழ் காட்டி நிரூபித்தாக வேண்டும். அடையாளம் காட்டும் கடமை இரண்டு பக்கமும் இருக்கிறது. நமக்கும் போலீஸுக்கும் இடையில் அது ஒரு பக்கம்தான் ஓடுகிறது. நாம் லைசென்ஸ் காட்டுவோம், ஆதார் காட்டுவோம். ‘நீங்க யாரு, எந்த ஸ்டேஷன்?’ என்று நாம் கேட்டால் அதற்குப் பெயர் திமிர். இத்தனைக்கும் டி.கே. பாசு வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கைது செய்பவர் பெயரும் பதவியும் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும், சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும். நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்? அசல் போலீஸிடம் கேட்டுப் பழகாத கேள்வியைப் போலி போலீஸிடம் மட்டும் எப்படிக் கேட்போம்?

‘கேட்டா அடிப்பாங்கப்பா’ என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ‘விசாரணை’ படம் பார்த்தவர்களுக்கும், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் எடுக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்துபோனதை வாசித்தவர்களுக்கும் ‘உரிமையைக் கேளுங்கள்’ என்ற அறிவுரை வசதியானவர்களின் அறிவுரையாகவே கேட்கும். தப்பு பண்ணாதவன் பயப்படத் தேவையில்லை என்ற வாக்கியம் இந்த ஊரில் உண்மையாக இருந்ததே இல்லை. மோசடிக்காரன் அந்தப் பயத்தை உருவாக்கவில்லை. நாம் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டான்.

ஆனாலும் ஃபோனுக்கும் ஸ்டேஷனுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஃபோனில் உங்களை யாரும் அடிக்க முடியாது. காலை கட் செய்யலாம். அசல் போலீஸ் என்றால் வீட்டுக்கு வரட்டும். நாமே உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போய்க்கூட விசாரிக்கலாம். ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போலீஸுக்கே சொல்லியிருக்கிறது. பணத்தை மாற்றச் சொல்லும் விசாரணை என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கேள்வி கேட்டுப் பழகுவதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பான இடம் இந்தப் போலி அழைப்புதான்.

ஆனால் கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? என் வயதுக்காரர்கள் பலரும் இந்த மெசேஜ்களை இரண்டு விநாடியில் அடையாளம் கண்டு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டுச் சிரித்துவிட்டு அழித்துவிடுகிறோம். திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போவது மாதிரிதான் இது. நாம் விழவில்லை, பின்னால் வருபவருக்குப் பார்வை மங்கல். பணம் போகாமல் இப்படி வரும் அழைப்பையும் மெசேஜையும் சஞ்சார் சாத்தி தளத்தின் ‘சக்‌ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம். பணம் போயிருந்தால் உடனே 1930. நிமிடங்கள் முக்கியம், ஏனென்றால் பணம் அக்கவுன்ட் மாறி அக்கவுன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அக்கவுன்ட்டுகளில் சில, கமிஷனுக்காகத் தங்கள் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் வாடகைக்கு விட்ட கல்லூரிப் பிள்ளைகளுடையவை. ‘சும்மா உன் அக்கவுன்ட்டைக் குடு, மாசம் பத்தாயிரம்’ என்று கேட்கும் நண்பனும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான்.

ஓஸ்வால் விஷயத்துக்கு வருகிறேன். அவர் புகார் கொடுத்தார். 5 கோடிக்கு மேல் மீண்டது. நடந்ததை ஊடகங்களிடம் தன் பெயரிலேயே சொன்னார். 82 வயதில், அவ்வளவு பெரிய இடத்தில் இருந்துகொண்டு, ‘என்னை ஏமாற்றிவிட்டார்கள்’ என்று வெளியே சொல்வதற்குத் துணிவு வேண்டும். பலரால் அது முடிவதில்லை. ‘யாரிடமும் சொல்லாதே’ என்பதுதான் மோசடிக்காரன் போட்ட முதல் உத்தரவு. கால் முடிந்து, பணம் போய், அவன் சிம்மைத் தூக்கி எறிந்த பிறகும் அந்த ஓர் உத்தரவு மட்டும் அமலில் இருக்கிறது. மாமியார் என்ன நினைப்பார், ஆபீஸில் சிரிப்பார்களே, பிள்ளைகள் ‘அறிவில்லையாப்பா’ என்று கேட்பார்களே என்று ஏமாந்தவர் வாயை மூடிக்கொள்கிறார். அப்போது அவரைக் காவலில் வைத்திருப்பது நாம்தான், அந்த முதல் கேள்வியைக் கேட்கும் நாம்.

உங்கள் வீட்டில் ஒருவர் தயங்கித் தயங்கி இப்படி ஏதாவது சொல்ல வந்தால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். ‘எப்போ நடந்தது? வாங்க, 1930க்குப் போடுவோம்’ என்று சொல்லுங்கள்.