வீட்டில் பொரிந்த ஆமை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போதோ செல்வம் சேரும் என்று நட்சத்திர ஆமையை ரகசியமாக வாங்குகிறார்கள். மட்டாஞ்சேரி மிளகு மண்டியில் கணக்கெழுதும் என்னிடம், அப்படி ஒன்றை வாங்கிய மச்சினன் வாதாடினான்: "காட்டில் பிடித்ததில்லை அத்திம்பேர், வீட்டிலேயே பொரிந்தது. பாவம் ஏது?"

காட்டில் பிடித்ததா, கூண்டில் பிறந்ததா என்பது ஓட்டைப் பார்த்தால் ஓரளவு தெரியும். காட்டு ஆமை மழைக்கும் வறட்சிக்கும் தக்கபடி வளர்வதால் வளையங்கள் சீராக இரா. கீறலும் தேய்மானமும் இருக்கும், சிலவற்றில் உண்ணியும். ஈரப்பதம் குறைந்த கூண்டில் தகடுகள் கூம்பாகப் புடைக்கும். ஆனால் இந்த இனத்துக்கு இயல்பிலேயே கொஞ்சம் புடைப்பு உண்டு. குஞ்சிலேயே பிடித்து வளர்த்ததும் கூண்டில் பிறந்ததைப் போலத்தான் தெரியும்.

2022 திருத்தத்தில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்துவிட்ட உயிர் இது. வீட்டில் பொரிந்தது என்பதால் மட்டும் சட்டம் விட்டுவிடாது. சரி, பாவம்?

இங்குள்ள சமணக் கோயிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இறைக்கிறார்கள். எங்கே பொரிந்தாய் என்று எந்தப் புறாவையும் கேட்பதில்லை; தின்றதும் அவை பறக்கலாம். மழையில் அலைய ஆமைக்குள்ள வேட்கை, பிறந்த இடத்தால் மாறுவதில்லை. நாம் பிறப்பை விசாரிப்பது நம் பங்கைக் குறைத்துக்கொள்ளத்தான் என்று எனக்குப் படுகிறது.

"அப்படியானால் சின்னார் காட்டில் விட்டுவிடலாமே" என்றான். கூடாது. கூண்டு நோய் காட்டு ஆமைகளுக்குத் தொற்றும், வட்டார மரபணுவும் கலந்துபோகும். பிறப்பிடம் உண்மையிலேயே முக்கியமாவது இந்த இடத்தில்தான். அதை விசாரிக்க வேண்டியது வனத்துறை. ஆமையை அவர்களிடம் ஒப்படைக்கச் சொன்னேன்.