மணம் பேசுகையில் மறைக்கலாமா?

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு திருமணத்தை நடத்திவைக்கலாம் என்பர். மணம் பேச வருவோரிடம் நோயையும் கடனையும் மறைக்கும் பெற்றோர், பிள்ளையின் நலம் கருதியே அவ்வாறு செய்கின்றனர். உண்மையைச் சொன்னால் வரன் கைநழுவும் என்னும் அவர்களது அச்சமும் வீணானதன்று. ஆயினும் அம்மறைப்பு அறமாகுமா?

மகாபாரதத்தின் வனபர்வத்தில், சாவித்திரி வரித்த சத்தியவானுக்கு ஓராண்டே ஆயுள் என்று மணத்திற்கு முன்பே நாரதர் வெளிப்படையாக உரைக்கிறார். அவளோ உறுதி மாறவில்லை. தந்தை அசுவபதி கானகம் சென்று சம்பந்தம் பேச, சத்தியவானின் தந்தை துயுமத்சேனர் நாடிழந்த தம் நிலையைக் கூறித் தயங்குகிறார். கணவனின் இறுதிநாளை அறிந்திருந்ததனாலேயே, மூன்று இரவுகள் நோன்பிருந்து, அவனுடன் காட்டிற்குச் சென்று, யமனை எதிர்கொள்ளச் சாவித்திரியால் இயன்றது. கசப்பான உண்மையே அவளுக்கு ஆயத்தமாகக் காலம் தந்தது.

முக்கியமான உண்மையை வஞ்சகமாக மறைத்துப் பெற்ற சம்மதத்தால் நிகழ்ந்த மணத்தை நீதிமன்றத்தின் மூலம் ரத்துசெய்ய, 1976இல் திருத்தப்பட்ட 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் இடமளிக்கிறது.

உண்மையைக் கேட்டு விலகுவோர் விலகட்டும். மறைப்பவர் பறிப்பது, வாழப்போகிறவர் அறிந்து ஏற்கும் உரிமையை. துன்பம் வரும்போது துணைநிற்கும் வலிமை அந்த ஏற்பிலிருந்தே பிறக்கிறது.