திறந்து பார்த்தவர் சொல்ல வேண்டியது

பார்ட்டி வருவதற்கு அரை மணி நேரம் முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினைச் சூடேற்றி வைப்பது பழைய கார் வியாபாரத்தின் பாலபாடம். வால்வு கைடு தேய்ந்த இன்ஜின் காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை கக்கும். ஓடிச் சூடானால் பெரும்பாலும் அடங்கிவிடும். கெட்டி ஆயிலை ஊற்றி வைத்தால் பேரிங் தட்டும் சத்தமும் சில நாட்களுக்கு அமுங்கிக் கிடக்கும். இதில் யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வந்தவர் கேட்கவில்லை, விற்பவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கம் இந்த விவகாரம் கொஞ்சம் சிக்கலானது. காரணம், இங்கே வேலை உண்மையிலேயே நன்றாக நடக்கும். லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல் பட்டறைகளும், போர்வெல் வண்டிகளை ஓட வைக்கும் திருச்செங்கோட்டு லேத்துகளும் இருக்கிற வட்டாரம். மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வார்ப்பில் பிறந்த அம்பாசிடரின் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. ஆனாலும் அதன் 1489 சிசி இன்ஜினை இறக்கி, போர் அடித்து, ஸ்லீவ் போட்டு, கிராங்கைக் கிரைண்டிங் செய்து திரும்ப ஏற்றித் தர இங்கே ஆள் தேட வேண்டியதில்லை. ஆகவே “மெக்கானிக்கலா ஒரு வேலையும் பாக்கி இல்லைங்க” என்று விற்பவர் சொன்னால், அது முழு உண்மையாகவே இருக்கலாம்.

அந்த உண்மை எதை மறைக்கிறது என்பதுதான் கேள்வி. லாரியோடு பழகிய கண்ணுக்கு வண்டி என்றால் சேஸிஸ். பாடி என்பது அதன் மேல் உட்காரும் கூடு. அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி விளிம்பு, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. அந்த விளிம்பு உள்ளுக்குள் துருப்பிடித்து உதிர்ந்திருந்தால், பட்டி போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, அடியில் கறுப்புப் பூச்சும் பூசிவிடலாம். பார்க்கப் பளபளவென்றிருக்கும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை விளிம்போரமாக இழுத்துக்கொண்டே போனால், தகடு இருக்குமிடத்தில் ஒட்டும். பட்டி கனமாக இருக்குமிடத்தில் பிடி விட்டுக் கையோடு வந்துவிடும். விஷயம் தெரிந்த மெக்கானிக் காந்தத்தோடுதான் வருவார். ஆனால் பட்டிக்குப் பதில் மெல்லிய தகட்டையே துருவின் மேல் வைத்து வெல்டிங் அடித்திருந்தால் காந்தமும் ஏமாந்துபோகும். மெட்ராஸில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் கதை வேறு. அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு. பாடி போல்ட்டில் நிற்கிறது. சேஸிஸ் நன்றாக இருக்கும்வரை, அங்கே இந்த மறைப்பு பெரும்பாலும் பணத்தோடு போகும். அம்பாசிடரில் அது உள்ளே உட்காருபவரின் உயிர் வரை போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆவது பிரிவில், ஒரு குதிரையை வைத்து விளக்குகிறது. குதிரைக்குக் குறை இருப்பது தெரிந்தும் ஏலத்தில் வாய் திறக்காமல் விற்றவர் மோசடி செய்தவராக மாட்டார். வாங்குபவர் அப்போதுதான் சட்டப்படி மேஜரான அவருடைய மகள் என்றால், சொல்ல வேண்டிய கடமை வந்துவிடுகிறது. “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன்” என்று வாங்குபவர் சொல்லியும் விற்பவர் பேசாமல் நின்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். அப்படி மௌனத்தால் ஏமாந்தவருக்கும் 19ஆவது பிரிவில் ஒரு தடை உண்டு: சாதாரண கவனத்தோடு பார்த்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது.

நாமக்கல் பக்கத்துப் புதன்சந்தையில் மாடு பிடிப்பவருக்கு இந்த நியாயம் புதிதாக இருக்காது. பல்லைப் பார்க்கலாம், சுழியைப் பார்க்கலாம், நடக்க விட்டுப் பார்க்கலாம். விற்பவருக்குத் தெரிந்ததில் பாதியை, கண் உள்ளவர் சந்தையிலேயே தெரிந்துகொள்வார். பட்டறையில் புதுப்பித்த கார் அப்படியில்லை. மாட்டையோ குதிரையையோ விற்றவர் அதைப் பிளந்து பார்த்ததில்லை. புதுப்பித்தவரோ பிளந்து பார்த்துவிட்டு, பிறகு மூடியவர். அவர் கண்ட இடத்தை வாங்குபவர் காண வேண்டுமானால் கட்டரால் அறுத்தாக வேண்டும். சாதாரண கவனம் அங்கே எட்டாது. எனவே, தானே மூடிய ஒன்றைப் பற்றி வாய் மூடும் உரிமை அவருக்கு இல்லை என்றே சொல்ல வேண்டும். ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலிலும் இப்படி ஒரு வீடு வருகிறது. பார்வைக்கு நல்ல வீடு. மட்டமான மரத்தில் கட்டியதென்பதும் இடியும் நிலையில் இருப்பதும் உரிமையாளருக்கு மட்டுமே தெரியும். யாரும் உன்னை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லையே என்ற வாதத்தையும் அவர் எடுத்துவைக்கிறார். ஆனாலும் மறைத்திருக்கக் கூடாது என்பதே அவருடைய தீர்ப்பு.

எல்லாவற்றையும் சொல்லித் தீர வேண்டும் என்பதில்லை. வண்டியை என்ன விலைக்குப் பிடித்தார், கையில் எவ்வளவு நிற்கிறது என்பதெல்லாம் விற்பவரின் சொந்தக் கணக்கு. கண்ணாடிக் கீறலையும் கிழிந்த சீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வாங்குபவர். “எல்லாம் விலையிலேயே அடங்கிவிட்டது” என்று புரோக்கர்கள் சொல்வதுண்டு. தெரிந்த குறைதான் விலையில் அடங்கும். தெரியாத குறைக்கு யாரும் விலை குறைத்துக் கேட்பதில்லை.

“ஒரிஜினல்” என்ற சொல்லும் கவனமாகப் புழங்க வேண்டிய சரக்கு. டாக்ஸி ஓட்டிய காலத்தில் பல அம்பாசிடர்களின் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு மேட்டடார் டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். அது பிழைப்புக்காகச் செய்தது, வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்போது வேறொரு வண்டியின் பெட்ரோல் இன்ஜினை மாட்டிவிட்டுப் பிறந்த நாள் முதல் இப்படியேதான் என்று விற்பது வேறு. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி, ஐம்பது ஆண்டு தாண்டி, அசல் வடிவில் பராமரிக்கப்பட்டு, சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் காணாத வண்டியைத்தான் விண்டேஜ் என்று ஏற்கிறது. விண்டேஜ் பதிவை நம்பிப் பணம் கொடுப்பவரிடம் இன்ஜின் மாறிய கதையைச் சொல்லாமல் விடுவது, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணைத் திருத்துவதற்கு அடுத்த படி.

பிரேக் விஷயத்தில் சொன்னால் மட்டும் போதாது. பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். ஓரிடத்தில் ஆயில் கசிந்தால் மொத்தமும் போய்விடும். இப்படிப்பட்ட காரை வாங்குபவர் என்றாவது ஒருநாள் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிப் படம் எடுக்காமல் இருக்கப் போவதில்லை. எதிரே வரும் பைக்காரர் இந்தப் பேரத்தில் கையெழுத்துப் போட்டவரில்லை. அதனால் மாஸ்டர் சிலிண்டரையும் ஹோஸையும் சரிசெய்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். “பிரேக் கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்று சொல்லி விலையில் தள்ளுபடி கொடுப்பது கணக்கில் சேராது.

சொன்னதை எழுதிக் கொடுக்கவும் வேண்டும். முதலில் வாங்கியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஆறு மாதம் ஓட்டிவிட்டு, “ஃபுல் ஒர்க் பண்ணின வண்டி” என்று கேரளாவுக்கோ பெங்களூருக்கோ தள்ளிவிடலாம். பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் பெயரும் முகவரியும் வண்டி எண்ணும் உண்டு. எங்கே வெட்டினார்கள், எங்கே ஒட்டினார்கள் என்று எழுத இடமில்லை. லேத் பில்லும், பெயின்ட் அடிக்கும் முன் எடுத்த படங்களும், எந்த விளிம்பில் புதுத் தகடு வைத்தார்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பும் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்ந்து கைமாறினால், மூன்றாவதாக வாங்குபவரின் மெக்கானிக்குக் காந்தத்தை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.