இரண்டு சுரங்களுக்கு நடுவே

உருக்குத் துண்டு தந்தியின் மேல் வழுக்குகிறது. சுரம் இன்னும் வந்து சேரவில்லை.

மின்விசிறியை நிறுத்துகிறேன்.

•

தி ஃப்ளையிங் புர்ரிட்டோ பிரதர்ஸ். முதல் இசைத்தட்டு, தி கில்டட் பேலஸ் ஆஃப் சின். 1969 பிப்ரவரி.

11 பாட்டுகள்.

பில்போர்ட் பட்டியலில் 164ஆம் இடம். அதற்கு மேல் ஏறவில்லை.

•

இரண்டு குரல்கள். கிராம் பார்சன்ஸ். கிறிஸ் ஹில்மன். இருவரும் பேர்ட்ஸ் குழுவை விட்டு வந்தவர்கள்.

சில பாட்டுகளில் ஒரு குரல் இடது காதில், ஒரு குரல் வலது காதில். ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றுகிறேன். ஒருவர் தனியாகப் பாடுகிறார். பக்கத்தில் ஆள் இருந்த இடம் கேட்கிறது.

மறுபடி மாட்டிக்கொள்கிறேன்.

•

பெடல் ஸ்டீல் வாசிப்பவர் ஸ்னீக்கி பீட் கிளைனோ. கிடார் அவர் முன்னால் மேசைபோல் கிடக்கிறது. இடது கையில் உருக்குத் துண்டு. வலது கை மீட்டுகிறது. கால் மிதியை அழுத்த, தந்தி இறுகுகிறது. ஒரு சுரம் இன்னொன்றுக்குத் தாவுவதில்லை. நழுவிப் போகிறது.

போகும் வழியிலேயே இருக்கிறேன்.

•

கன்ட்ரி இசையில் இந்தக் கருவி அழும்.

இவர் அதை ஃபஸ் பெட்டி வழியே அனுப்புகிறார். அழுகை ரம்பமாகிறது. ஹாட் புர்ரிட்டோ நம்பர் 2இல், ஒலிப்பது எந்தக் கருவி என்று காது தடுமாறுகிறது. சைகடெலிக் என்ற சொல்லுக்கு இந்தத் தடுமாற்றமே எனக்குப் போதும். வண்ணங்கள் வேண்டாம்.

•

அவருக்கு இன்னொரு தொழில். தொலைக்காட்சிக்காகப் பச்சைக் களிமண் பொம்மையை அசைக்கிறார். மயிரிழை நகர்த்துகிறார். ஒரு படம். இன்னொரு மயிரிழை. இன்னொரு படம்.

களிமண்ணிலும் தந்தியிலும் அதே கை.

•

மை அங்கிள். மாண்டலின் துள்ளுகிறது. பாட்டுக்குள் ராணுவத்துக்கு அழைக்கும் கடிதம். வியட்நாம் போர்க்காலம்.

கால் தாளம் போடுகிறது. வயிறு இறுகுகிறது. இரண்டும் என்னுடையவை.

•

கன்ட்ரி கேட்பவர்களுக்கு இவர்களின் நீள முடி உறுத்துகிறது. ராக் கேட்பவர்களுக்குப் பெடல் ஸ்டீல் பழசு.

நிரந்தர டிரம்மர் இல்லை. பாட்டுக்குப் பாட்டு வேறு கைகள்.

•

ஹாட் புர்ரிட்டோ நம்பர் 1.

தின்பண்டத்தின் பெயர். உள்ளே, கைவிடப்பட்ட ஒருவன். பார்சன்ஸின் குரல் ஓரத்தில் பிசிறுகிறது. அவர் அதைச் சரிசெய்வதில்லை. அவர் பாடியதில் இதற்கு மேல் இல்லை என்று நினைக்கிறேன்.

நினைப்பு போய்விடுகிறது. பிசிறு இருக்கிறது.

•

1973 செப்டம்பர் 19. கலிஃபோர்னியாவில், ஜாஷுவா ட்ரீ. விடுதி அறை. பார்சன்ஸ் இறக்கிறார். 26 வயது.

மூச்சு உள்ளே வருகிறது. வெளியே போகிறது.

•

கடைசிப் பாட்டு, ஹிப்பி பாய். ஹில்மன் பாடவில்லை, பேசுகிறார். பின்னால் ஆர்கன்.

பிறகு ஊசியின் கரகரப்பு மட்டும். அதையும் கேட்கிறேன்.

•

அட்டையை மடியில் வைத்திருக்கிறேன். பாலைவன வெயில். மரக் குடிசை. நூடி கோனின் தையற்கடையில் தைத்த உடைகள். ஹில்மன் மேல் மயில்கள். பாஸ் வாசிக்கும் கிறிஸ் ஈத்ரிட்ஜ் மேல் ரோஜாக்கள். கிளைனோ மேல், என்றோ அழிந்துபோன பறக்கும் பல்லி. பார்சன்ஸின் வெள்ளைச் சட்டையில் கசகசாப் பூ, கஞ்சா இலை, மாத்திரைகள். எல்லாம் நூல் வேலை.

அந்தச் சட்டையில் பெரிய சிலுவை ஒன்றும் உண்டு. அது முதுகில் இருக்கிறது.