இடமும் மருந்தே

நம் அறநூல்கள் இல்லறத்தார்க்கு உணவு, மருந்து, கல்வி, அபயம் என நால்வகைத் தானங்களை விதித்துள்ளன. அபயமாவது அச்சமின்மை. மருந்தளிப்பது ஓர் அறம், அச்சம் தீர்ப்பது வேறோர் அறம் எனப் பிரித்தெண்ணியே பழகிவிட்டோம். புற்றுநோய் மருத்துவமனையைப் பொறுத்தவரை இப்பிரிவு பொருந்தாது.

இந்நோய்க்கான மருத்துவம் ஒரு நாளில் முடிவதன்று. நரம்பு வழியே மருந்தேற்றப் பல மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும். சில வாரங்களில் மீண்டும் வரவேண்டும். கதிர்வீச்சோ பல வாரங்கள் நீளக்கூடும். கதிர்கள் வெளியேறாதிருக்க அக்கருவி அறைக்குத் தடித்த கான்கிரீட் சுவர் இன்றியமையாதது. ஆனால் வெளியே காத்திருப்போரையும் சாளரமற்ற நடைவழியில் அமர்த்துவதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

பிரிட்டனில் மேகி கெஸ்விக் ஜெங்க்ஸ் என்னும் அம்மையார், தம் நோய் மீண்டதைக் கேட்டபின் அத்தகைய நடைவழியிலேயே அமர்ந்திருக்க நேர்ந்தது. அவர் 1995இல் மறைந்தார். அவர் விரும்பியபடி, வெளிச்சமும் தோட்டமும் கொண்ட ஓர் இல்லம் நோயாளிகளுக்காக எடின்பரோவில் 1996இல் திறக்கப்பட்டது. முன்னதாக, 1984இல் ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க அறிஞர், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து வெளியிட்டார். சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டோர், செங்கற்சுவரைக் கண்டோரைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

படுக்கையே போதாத நாட்டில் மரத்துக்கும் சாளரத்துக்கும் செலவிடலாமா எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையம், குடிசைகளில் 12 படுக்கைகளோடுதான் எழுந்தது. மருந்தா, தோட்டமா என்னும் நிலை வந்தால் மருந்தே முதலாவது. ஆயினும் சாளரம் எத்திசை நோக்க வேண்டும் என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்தால் பெருஞ்செலவில்லை; சுவர் எழுந்தபின் மாற்றுவதே செலவு.

நோய் அசாதா வேதனீய வினையின் பயனாயிற்றே, கட்டடம் என்ன செய்யும் என்பது மற்றொரு வினா. வினை உதயமாவதற்குத் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகியன நிமித்தங்கள் என்று நம் ஆசாரியர்கள் கூறியுள்ளனர். க்ஷேத்திரமாவது இடம். வேதனையையே நினைந்து நினைந்து வருந்துவதை ஆர்த்தத் தியானம் என்றனர். இருண்ட இடம் அதனை வளர்க்கும். வெளிச்சமும் அமைதியும் உள்ள இடம் மனத்தை அதினின்று மீட்கத் துணைபுரியும். நோயாளியின் வினை அவருடையது. அவரை எங்கே அமர்த்துகிறோம் என்பது நம்முடையது.

இவ்வுணர்வு நமக்குப் புதிதன்று. பரமத்தி வேலூருக்கு எதிரே, காவிரியின் தென்கரையிலுள்ள புகழூர் ஆறுநாட்டார் மலையில், செங்காயபன் என்னும் முதிய அமண முனிவர் உறைவதற்குச் சேரர் குடியினர் கல்லறுத்துக் கொடுத்ததைத் தமிழிக் கல்வெட்டு கூறுகிறது. தமிழகத்தின் இத்தகைய குகைகளில் தலைவைக்கும் பகுதியைச் சற்றே உயர்த்திப் படுக்கைகளைச் செதுக்கினர். மழைநீர் உள்ளே வழியாதிருக்க மேலே காடி வெட்டினர். உடலை ஒரு பொருட்டாக எண்ணாத துறவிக்கே இத்துணைக் கருதினர் எனில், நோயுற்றோர்க்கு எத்துணைக் கருதவேண்டும்!

சேலம், நாமக்கல் சமவெளியில் கோடை வெயில் கடுமையானது. இங்கே மருத்துவமனைக்கோ, நோயாளர் தங்கும் சத்திரத்துக்கோ பொருளுதவுவோர், கல்லில் பெயர் பொறிப்பதற்கு முன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். வெயில் தாக்காத தாழ்வாரம் உண்டா? படுத்திருப்பவர் கண்ணுக்கு வேம்போ புங்கமோ தென்படுமா? மருந்தால் எதிர்ப்பாற்றல் குன்றியோர் நெரிசலில் சிக்காமல் தனித்து அமர இடமுண்டா? சமையல் நெடி குமட்டலை மிகுவிக்காத தொலைவில் அடுக்களை உள்ளதா? துயரச் செய்தியைக் கேட்ட குடும்பத்தார் பிறர் பார்வை படாமல் சற்றே அழுதெழ ஓர் அறையுண்டா?

இவற்றைக் கேட்டு, கேட்டபடி அமையச் செய்வோமாயின், ஒரே கொடையில் மருந்தும் அபயமும் அளித்தவராவோம்.