ஒரு சொல்லுக்கு யார் பதில் சொல்கிறார்கள்?

ஆங்கிலச் சொல்வளம் பெருக்கும் கையேடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. சொல், பொருள், உச்சரிப்பு என்று மூன்று கட்டங்கள். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பேருந்து பிடித்து வரும் என் மாணவியர், பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், இவற்றைப் பார்த்து நோட்டுப் போடுகிறார்கள். நாளைக்குப் பத்துச் சொல். தமிழ் கற்பிக்கிற எனக்கு இதில் வருத்தம் ஏதுமில்லை. அந்தச் சொற்கள் நாளை அவர்களுக்குச் சோறு போடும். என் கேள்வி வேறு. ஒரு சொல்லின் பொருளும் ஒலியும் தெரிந்துவிட்டால், அந்தச் சொல் ஒரு பெண்ணுக்குச் சொந்தமாகிவிடுமா?

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற பெண் தத்துவவாதி 2007-ல் எழுதிய நூலில், அறிவின் தளத்தில் நடக்கும் இருவகை அநீதிகளைப் பிரித்துக் காட்டினார். பேசுபவர் யார் என்பதை வைத்தே அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பது ஒன்று. தனக்கு நடப்பதைப் புரிந்துகொள்ளவும் எடுத்துச் சொல்லவும் பொதுவில் ஒரு சொல்லே இல்லாமல் ஒருவரை விட்டுவைப்பது இன்னொன்று. நோட்டில் உள்ள இரண்டு கட்டங்களை எனக்கு இவை நினைவூட்டுகின்றன. பொருள் கட்டம் காலியாக இருப்பது இரண்டாவது அநீதி. உச்சரிப்புக் கட்டத்தில் மாட்டிக்கொள்வது முதலாவது.

ஃப்ரிக்கர் எடுத்துக்காட்டும் பெண் கார்மிட்டா வுட். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். ஒரு பேராசிரியரின் தொல்லை தாங்காமல் வேலையை விட்டார். வேலையிழப்பு உதவித்தொகை கேட்டபோது காரணம் எழுதச் சொன்னார்கள். என்ன எழுதுவதென்று தெரியாமல், சொந்தக் காரணம் என்றார். உதவித்தொகை மறுக்கப்பட்டது. 1975-ல் அவரும் மற்றப் பெண்களும் கூடிப் பேசித்தான் 'செக்ஷுவல் ஹராஸ்மென்ட்' என்ற பெயரைக் கண்டடைந்தார்கள். இன்று நம் கையேடுகளில் ஒரு வரியில் பொருள் தரப்படும் அந்தச் சொல், பெண்கள் ஓர் அறையில் உட்கார்ந்து உண்டாக்கியது.

நம் பக்கத்து நூற்பாலைப் பெண்களுக்கு மட்டும் சொல் இல்லையா? இருந்தது. "அந்த சூப்பர்வைசர் சரியில்லைக்கா" என்பார்கள். கேட்கிற பெண்ணுக்கு முழுவதும் விளங்கிவிடும். அந்த ஆள் இருக்கும் ஷிஃப்டில் தனியாகப் போகாதே என்கிற எச்சரிக்கைகூட அதற்குள் இருக்கிறது. ஆனால் அதே சொல்லைப் புகார் மனுவில் எழுதினால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், "என்னம்மா சரியில்லை?" என்று கேட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆக அவர்களிடம் அறிவும் இருந்தது, சொல்லும் இருந்தது. எவரையும் பதில் சொல்லக் கட்டாயப்படுத்தும் வலு அந்தச் சொல்லுக்கு இல்லை.

ஆங்கிலத்தில் சொன்னால் மட்டும் அந்த வலு வந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். 'ஈவ் டீசிங்' ஆங்கிலம்தான். ஏவாளைச் சீண்டுவது என்ற விளையாட்டுத் தொனியில் எத்தனை கொடுமைகளை அது மூடிவைத்தது! சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு 1998-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டமே முதலில் அந்தப் பெயரைத்தான் தாங்கி வந்தது. பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று பின்னால்தான் பெயர் மாறியது. வெளிச்சம் போடுகிற சொல்லும் உண்டு, திரை போடுகிற சொல்லும் உண்டு. எது எதுவென்று எந்தக் கையேடும் குறிப்பதில்லை.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 20 வயதுத் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். பெண்கள் தலைமையிலான டி.டி.சி.யு. தொழிற்சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் எச் அண்ட் எம் போன்ற பன்னாட்டு நிறுவனமும் கையெழுத்திட்ட உடன்பாடு 'திண்டுக்கல் ஒப்பந்தம்' எனப்படுகிறது. பாலின வன்முறையும் துன்புறுத்தலும் என்ற தொடர் அங்கே அலங்காரத்துக்கு இல்லை. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். விதி மீறினால் உற்பத்தியாளருக்கு வணிகத்தில் அடி விழும் என்று ஒப்பந்தம் வகுத்தது. 'சரியில்லை' என்று காதோடு சொன்னது பதில் பெற்றே தீரவேண்டிய சொல்லாக ஆனது இப்படித்தான். தனியொருத்தி மனப்பாடம் செய்து இது நடக்கவில்லை. கூடி நின்றதால் நடந்தது.

இனி உச்சரிப்பு. 1917-ல் டேனியல் ஜோன்ஸ் ஆங்கில உச்சரிப்பு அகராதி ஒன்றை வெளியிட்டார். யாருடைய பேச்சு அதில் பதிவானது? ஆண்கள் பெரிய உறைவிடப் பள்ளிகளில் படித்த தென் இங்கிலாந்துக் குடும்பங்களின் பேச்சு. அந்தப் பேச்சைப் பிறருக்கு விதிப்பது தன் நோக்கமல்ல என்றார் அவர். ஆனாலும் அது பாடமாகி இங்கே வந்து சேர்ந்தது. 'ஹராஸ்மென்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலசையை அழுத்துவதா, இரண்டாம் அசையை அழுத்துவதா என்பதில் ஆங்கிலேயருக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை. வடசொல் தமிழுக்கு வந்தால் தன் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தை ஏற்க வேண்டும் என்று தொல்காப்பியர் விதி செய்தார். வருகிற சொல் வீட்டு வழக்கத்துக்கு இணங்குவது நமக்கு இலக்கணம். 'இஸ்கூல்' என்று சொல்லும் மில் தொழிலாளியின் நாக்கும் இதே போலத்தான் இயங்குகிறது. அதைக் கேட்டுச் சிரிக்கிறோம்.

நான் உச்சரிப்பைக் கற்கவேண்டாம் என்று சொல்லவில்லை. நேர்முகத் தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டு, பிள்ளைகள் தோற்பதை நான் விரும்பவில்லை. ஆனால் புரிந்துகொள்ளும் பாரத்தை முழுவதும் பேசுகிறவள் தலையிலேயே ஏற்றுவது அறமா? கேட்பவருக்கும் உழைப்பு உண்டு. ஒரு பெண் தட்டுத்தடுமாறி ஒரு சொல்லைச் சொல்லும்போது, அவள் நாக்கைக் கவனிக்கிறோமா, அவள் சொல்ல வந்ததைக் கவனிக்கிறோமா? வகுப்பறையிலும் புகார்க் குழுவிலும் உட்கார்ந்திருக்கும் படித்த பெண்களாகிய நம்மிடம்தான் முதலில் இதைக் கேட்க வேண்டும்.

திண்டுக்கல் என்ற பெயரை வெள்ளைக்காரர் தம் வாய்க்கு ஏற்றபடி எழுதிவைத்தார்கள். ஒப்பந்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிறுவன அலுவலகங்களில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது. யாராவது தப்பாகச் சொன்னால் நம் பெண்கள் சிரிக்கப்போவதில்லை. கையெழுத்திட்டபடி நடக்கிறார்களா என்றுதான் பார்ப்பார்கள்.