கொள்வதே கொள்கை

சமய, தத்துவ நூல்களைத் தமிழாக்கம் செய்வோர் அடிக்கடி எதிர்கொள்ளும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘டெனெட்’. ஒரு சமயமோ தத்துவப் பிரிவோ தனிமனிதரோ உண்மையென ஏற்றுப் போற்றும் அடிப்படை நம்பிக்கையை அது குறிக்கிறது. அத்வைதத்தின் டெனெட்டுகள், பௌத்தத்தின் டெனெட்டுகள் என்று பெரும்பாலும் பன்மையிலேயே வழங்குகிறது. ஆதலால் அச்சொல்லைக் கேட்டவுடன் ஒரு பட்டியலே நம் நினைவுக்கு வருகிறது.

ஆனால் அதன் பிறப்பிடமாகிய லத்தீன் மொழியில் அது பெயர்ச்சொல் அன்று, வினைமுற்று. ‘அவன் பற்றியிருக்கிறான்’ என்பதே அதன் பொருள். 1646-இல் தாமஸ் பிரௌன் என்ற ஆங்கில அறிஞர், மக்களிடையே ஊறிப்போன தவறான எண்ணங்களை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பில் ‘டெனென்ட்’ என்ற வடிவம் காணப்படுகிறது. லத்தீனில் ‘அவர்கள் பற்றியிருக்கிறார்கள்’ என்று அதற்குப் பொருள். காலப்போக்கில் ஒருமை வடிவமே நிலைத்தது. பற்றுவோர் இல்லையேல் டெனெட்டும் இல்லை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

நம் தமிழும் இதையே கூறுகிறது. ‘கொள்கை’, ‘கோட்பாடு’ ஆகிய இரண்டும் ‘கொள்’ என்னும் வேரில் பிறந்தவை. கொள்ளப்படுவதே கொள்கை, ஏட்டில் எழுதி வைக்கப்படுவது அன்று.

வாடகைக்குக் குடியிருப்பவரைக் குறிக்கும் ‘டெனன்ட்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் எழுதுவோர் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதிவிடுவதுண்டு. சிந்தித்துப் பார்த்தால் அந்தப் பிழையிலும் ஒரு பாடம் உள்ளது. நம் கொள்கைகளுள் எத்தனை நம் உள்ளத்தில் வெறும் வாடகைக்குக் குடியிருக்கின்றன! வசதியாக உள்ளவரை அவற்றை வைத்திருக்கிறோம். இடர் வந்ததும் வெளியேற்றிவிடுகிறோம்.

கொள்கையைப் பற்றுவது எத்தகையது என்பதைக் காந்தியடிகளின் வாழ்வில் காணலாம். தென்னாப்பிரிக்காவில் 1906-இல் எழுந்த போராட்டத்திற்கு ஏற்ற பெயர் தேடியபோது, மகன்லால் காந்தி ‘சதாக்கிரகம்’ என்ற சொல்லை வழங்கினார். காந்தியடிகள் அதைச் ‘சத்தியாக்கிரகம்’ என்று திருத்தினார். உண்மையை உறுதியாகப் பற்றுதல் என்பது அதன் பொருள். இங்கும் பற்றுதலே மையமாக நிற்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பற்றுக்குச் சோதனை 1922 பிப்ரவரியில் வந்தது. சௌரி சௌராவில் கூட்டத்தினர் காவல்நிலையத்திற்குத் தீ வைத்தனர். காவலர்கள் பலர் மாண்டனர். நாடெங்கும் எழுச்சி பொங்கிய வேளை அது. எனினும் காந்தியடிகள் போராட்டத்தை நிறுத்தினார். ஐந்து நாட்கள் உண்ணாநோன்பும் இருந்தார். சிறையிலிருந்த மோதிலால் நேரு, லாலா லஜபதி ராய் போன்ற தலைவர்களே அதை ஏற்க இயலாமல் வருந்தினர். அம்முடிவு சரியா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கலாம். ஆனால் அகிம்சை அவரிடம் வாடகைக்குக் குடியிருக்கவில்லை என்பதை யாரும் மறுக்க இயலாது.

‘தர்மம்’ என்ற சொல்லின் வேர் ‘த்ரு’. தாங்குதல் என்று பொருள். கொள்கையை முதலில் நாம் பற்றுகிறோம். விடாது பற்றினால் ஒருநாள் அதுவே தர்மமாகி நம்மைத் தாங்குகிறது. கொடியைக் கொழுகொம்பு தாங்குவது, கொடி அதைச் சுற்றிப் படர்ந்த பின்னரே அன்றோ!

ஆகவே அன்பர்களே, நீண்ட பட்டியல் வேண்டியதில்லை. ‘பொய் பேசேன்’ என்பது போன்ற ஒரே ஒரு கொள்கையைத் தேர்ந்தெடுங்கள். ‘இன்று அதைப் பற்றியிருந்தேனா?’ என்று ஒவ்வோர் இரவும் உறங்குமுன் உங்களையே கேளுங்கள். அவ்வினாவில்தான் பெயர்ச்சொல் மீண்டும் வினைச்சொல்லாகிறது.